காதில் விழாத டிக்

என் மகள் பொங்கோலில் உள்ள தன் வீட்டிலிருந்து ஒரு மின் டிரம்ஸைக் காரில் ஏற்றிக்கொண்டு எங்கள் மார்சிலிங் வீட்டுக்கு வந்து இறங்கியபோது, இதில் ஏதோ விஷயம் இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. என் பிறந்தநாள் முடிந்திருந்தது. தீபாவளி இன்னும் தூரத்தில் இருந்தது.

"என்னம்மா திடீர்னு?" என்றேன்.

"யங்கா இருந்தப்ப டிரம்ஸ் கத்துக்க ஆசைப்பட்டேன்னு நீங்கதானேப்பா சொல்வீங்க? ஆன்லைன்ல கிளாஸும் பாத்து வச்சிட்டேன். ட்ரை பண்ணுங்க லா."

சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வருஷம் வீட்டில் யார் எதைச் சொன்னாலும், அதற்குப் பின்னால் சொல்லாத ஒன்று இருப்பதாகவே எனக்குப் பட்டது. மனைவியும் மகளும் சமையலறையில் முணுமுணுவென்று பேசுவார்கள். நான் வாசலில் போய் நின்றால் பேச்சு நின்றுவிடும். என்னவென்று கேட்டால், "ஒண்ணுமில்லங்க" என்பாள் மனைவி. கப்பல் பட்டறையில் பல வருஷம் இரும்பைக் கிறீச்சென்று தேய்க்கும் கிரைண்டிங் இயந்திரத்தோடு நின்றுவிட்டு, இப்போது அங்கேயே பாதுகாப்புப் பிரிவு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். சாப்பாட்டு நேரத்தில் நாலு பேர் சிரித்தால், அது என்னைப் பற்றித்தான் என்று நினைப்பேன். எனவே டிரம்ஸைப் பார்த்ததும் கணக்குப் போட்டுவிட்டேன்: என்னை ஒரு அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, இவர்கள் நிம்மதியாகப் பேசப்போகிறார்கள்.

சொல்லிக்கொடுத்தவர் ஓர் இளம்பெண். தீவின் மேற்குக் கோடியில், பூன் லேயில் தன் வீட்டு அறையிலிருந்தே வகுப்பு நடத்துபவர். சனிக்கிழமை பிற்பகலில் மடிக்கணினித் திரையில் வருவார். ஒரு கேமராவில் முகம் தெரியும். மேலேயிருந்து பார்க்கும் இன்னொன்றில் கைகள் தெரியும். கை இவ்வளவு துல்லியமாக விழுகிறதே, இது முன்கூட்டியே எடுத்து வைத்த வீடியோவாக இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். சோதித்துப் பார்க்க, "அங்க மழையாம்மா?" என்று கேட்டேன்.

"செம மழை அங்கிள். அங்க?"

ஜன்னலைப் பார்த்தேன். மார்சிலிங்கில் பளீரென்று வெயில். அதனால் அவர் சொன்னதையும் பாதிதான் நம்பினேன்.

இருந்தாலும் அந்த வகுப்பு எனக்கு வசதியாக இருந்ததை மறுக்க முடியாது. நான் தடுமாறுவதைப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க யாரும் இல்லை. ஹெட்போன் மாட்டிக்கொண்டால் அண்டை வீட்டுக்குத் தொந்தரவு இல்லை. வகுப்பு முடிந்ததும் அதன் பதிவு வந்துவிடும்; புரியாத இடத்தை வேலை முடிந்து வந்து எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டிப் பார்க்கலாம். அந்தப் பதிவு என் மகளுக்கும் போகிறதோ, பார்த்துச் சிரிக்கிறார்களோ என்ற நினைப்பு மட்டும் போகவில்லை.

சிக்கல் மெட்ரோனோமில் தொடங்கியது. தாளம் நகராமல் இருக்க, டிரம்ஸிலிருந்தே 'டிக் டிக்' என்று விடாமல் வரும் ஒலி அது. அதோடு சேர்ந்து நான் அடிக்க வேண்டும். வாரக்கணக்கில் சேரவே இல்லை.

"வைஃபை சரியில்லம்மா," என்றேன்.

"இல்ல அங்கிள். உங்க அடி, அந்த டிக், ரெண்டும் ஒரே வயர்லதான் எனக்கு வருது. லைன் ஸ்லோன்னா ரெண்டும் சேந்துதானே லேட்டாகும்? இங்க உங்க அடி மட்டும் தனியாப் போகுது."

"அப்ப மெஷின்ல கோளாறு."

அவர் வாதாடவில்லை. அந்த ஒலியை மாற்றச் சொன்னார். பொத்தானை அழுத்தியதும் டிக் போய், மரத்தில் தட்டுவதுபோல் 'டொம் டொம்' என்று கனமான கீழ்ச்சத்தம் வந்தது. அடித்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. எனக்கே ஆச்சரியம்.

"அங்கிள், அந்த டிக் உங்களுக்குக் கேட்டுச்சா?"

"லேசா கேட்டுச்சு. சத்தம் கம்மியா வச்சிருக்காங்க."

"ஆன்ட்டியைக் கொஞ்சம் கூப்பிடுங்களேன்."

எனக்குச் சுருக்கென்றது. இவர்கள் எல்லோரும் ஒரே கூட்டு என்று முடிவே கட்டிவிட்டேன். மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பழைய டிக்கை மறுபடி வைத்து, ஹெட்போனை அவளிடம் நீட்டினேன். காதில் வைத்தவள் உடனே விலக்கிக்கொண்டாள்.

"ஐயோ, என்னங்க இது, காதைக் குத்துது! இவ்ளோ சத்தமா வச்சா அடிக்கிறீங்க?"

வாங்கி நானும் வைத்துப் பார்த்தேன். ஏதோ இருந்தது, இல்லாமலும் இருந்தது. திரையில் அந்தப் பெண் மெதுவாகச் சொன்னார். "கை நல்லாத்தான் இருக்கு அங்கிள். காதை ஒரு தடவை செக் பண்ணிக்குங்க."

காதுப் பரிசோதனை அறையில் உட்கார்ந்தபோதும், அங்கிருந்தவர் ஒலி எழுப்பும் பொத்தானை உண்மையிலேயே அழுத்துகிறாரா என்று அவர் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிவு எளிமையானது. கீழ்ச்சத்தங்கள் நன்றாகக் கேட்கின்றன. கூர்மையான சத்தங்கள் பெரும்பாலும் போய்விட்டன. பேச்சு ஒலியாகக் காதில் விழும், ஆனால் சொற்களின் ஓரங்கள் தேய்ந்து முணுமுணுப்பாகிவிடும் என்றார்கள்.

கேட்கும் கருவியைப் பொருத்திய அன்று, சாமான் வாங்க சிராங்கூன் சாலைக்குப் போனோம். சாலையைக் கடக்க நின்றபோது சிக்னல் கம்பத்திலிருந்து படபடவென்று ஒரு சத்தம் வந்தது.

"இது எப்ப வச்சாங்க?" என்றேன்.

"பச்சை விழுந்தா எப்பவும் அடிக்குமேங்க," என்றாள் மனைவி. பிறகு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தாள்.

அடுத்த ஞாயிறு சமையலறைப் பேச்சு எனக்குத் தெளிவாகவே கேட்டது. என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அதில் என் சந்தேகம் பொய்யில்லை. "காது மெஷினைக் கழட்டி வச்சிட்டாரா பாரு," என்றாள் மனைவி. "நீங்க கத்திப் பேசாதீங்கம்மா, இப்ப அவருக்குக் கேக்கும்," என்றாள் மகள். நான் உள்ளே போய் ஒரு வடையை எடுத்துக்கொண்டேன்.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம் இருந்தது. மகள் முன்பே ஏதோ ஊகித்து, அந்தப் பெண்ணிடம் சொல்லிவைத்துத்தான் டிரம்ஸே வாங்கினாளோ? அந்தச் சனிக்கிழமை வகுப்பில் நேராகவே கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்தார். "உங்க பொண்ணு காதைப் பத்தி ஒண்ணும் சொல்லல அங்கிள். எங்கப்பா எதையும் லேசுல நம்ப மாட்டாரு, கொஞ்சம் பொறுமையாப் பாத்துக்குங்கன்னு மட்டும் சொன்னாங்க."

அதையும் நான் முழுதாக நம்பினேன் என்று சொல்ல முடியாது. கேட்டுக்கொண்டேன்.

இப்போது டிக் சத்தத்தோடேயே அடிக்கிறேன். போன வாரம் இடது கால் பெடலையும் சேர்த்தபோது மறுபடி எல்லாம் பிசகியது. கருவியின் பேட்டரி இறங்கியிருக்குமோ என்று காதைத் தொட்டேன்.

"காது ஓகே அங்கிள்," என்றார் அவர். "கால்தான் லேட்டு. கேமராவைக் கொஞ்சம் கீழ இறக்குங்க, பாப்போம்."

இறக்கினேன்.