பிடியரிசிச் சட்டி

பேய், பிசாசு, அருள்வாக்கு என்று யாராவது பேச ஆரம்பித்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போகிற ஆள் நான். அது மட்டுமில்லை, மனிதர்களையே லேசில் நம்பமாட்டேன். மதுரை ரயிலடியில் ஜட்கா ஓட்டுகிறவன் எப்படி நம்புவான்? புல்லுக்கட்டு வாங்கினால்கூட, எடை காட்ட நடுவில் தண்ணீர் தெளித்திருக்கிறார்களா என்று பிரித்துப் பார்த்துத்தான் வாங்குவேன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் இவனுக்குக் கழன்றுவிட்டது என்று போங்கள், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

யுத்தத்துக்கு முந்திய சமாச்சாரம். தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு மழைநாளில் குதிரை சறுக்கி, வண்டி கவிழ்ந்து, சக்கரம் என் வலது கால்மேல் ஏறிவிட்டது. வண்டி என் முதலாளி ராவுத்தருடையது. நல்ல மனுஷன், கால் சரியானதும் வா என்றார், ஆனாலும் எத்தனை மாதம்தான் ஒருவர் வண்டியைச் சும்மா நிறுத்திவைப்பார்? கட்டு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி, பிறகு கட்டைப் பிரித்து, "எலும்பு கூடிருச்சுப்பா, இனி ஊண்டி நட" என்றார். நான் நம்பவில்லை. ஊன்றினால் மறுபடி விட்டுப்போகும் என்றே எனக்குப் பட்டது. வில்லாபுரத்தில் அப்போது எங்கள் வீட்டைத் தாண்டினால் வயல்தான். அந்த ஒற்றை அறையில் கயிற்றுக் கட்டிலே கதியென்று கிடந்தேன். என் மனைவி பேச்சி பஞ்சு மில்லில் வேலை பார்த்துக் கொண்டுவருவதில்தான் கஞ்சி. "நீ உங்க ஆத்தா வீட்டுக்குப் போயிரு, நான் இப்படியே கெடந்து செத்துப்போறேன்" என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். வாய்ப்பேச்சுக்குச் சொன்னதில்லை, நிஜமாகவே இனி வாழ்க்கை இல்லை என்றுதான் நினைத்தேன்.

மில்லில் கூட வேலை பார்த்த ஒருத்தி மூலமாகப் பேச்சி வேதக்கோயிலுக்கு, கிறிஸ்தவர்கள் கோயிலுக்கு, போக ஆரம்பித்திருந்தாள். போகட்டும், அழுவதற்கு ஒரு இடம் வேண்டும்தானே என்று விட்டேன். ஆனால் கட்டிலில் கிடக்கிறவனுக்கு வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறென்ன வேலை? உலை கொதிக்கும், அவள் முறத்தில் அரிசியை எடுப்பாள், அதிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப அள்ளி மூலையில் இருந்த வாயகன்ற மண்சட்டியில் போடுவாள். தினமும் இதே கூத்து.

"என்னா புள்ள அது?"

"பிடியரிசிங்க. உலையில போடுறதுக்கு முந்தி சாமிக்குன்னு ஒரு பிடி. ஞாயித்துக்கெழமை கோயில்ல கொண்டுபோய்க் கொட்டுவோம். அங்க எல்லாரும் செய்றதுதான்."

"நமக்கே கஞ்சிக்கு வழியக் காணோம், உங்க சாமிக்கு என்னா அம்புட்டுப் பசி?"

"உங்க காலுக்குத்தான்" என்று மட்டும் முணுமுணுத்தாள்.

எனக்கு உபதேசியார்மேல் சந்தேகம். கோயிலில் பாட்டும் வேதமும் சொல்லித்தருகிறவர், யேசுவடியான் என்று பெயர். ஏழைபாழைகளின் அரிசியைப் பிடிபிடியாகச் சேர்த்துத் தின்று வயிறு வளர்க்கிறான் என்று முடிவே கட்டிவிட்டேன். இத்தனைக்கும் அவரை நான் பார்த்ததுகூட இல்லை.

ஒரு திங்கட்கிழமை. முந்தின நாள்தான் பேச்சி அரிசியைக் கோயிலில் கொட்டிவிட்டு வந்து சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். காலையில் வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. இருந்த நீராகாரத்தை எனக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, நாய் நுழையாமலிருக்கத் தட்டிக் கதவை வெளியே கயிற்றால் கட்டிவிட்டு, வெறும் வயிற்றோடு மில்லுக்குப் போனாள். அவள் போவதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. அவ்வளவு கோபமும் அந்தச் சட்டிமேல்தான்.

மத்தியானம், மில் சங்கு ஊதி அடங்கிய பிறகு, பட்டப்பகல், நான் தூங்கவில்லை, சத்தியமாகத் தூங்கவில்லை, மூலையில் அரிசி விழுகிற சத்தம் கேட்டது. எலி பிறாண்டுகிற சத்தமில்லை. ஆள் பிடிபிடியாக அள்ளிப் போடுகிற சத்தம். சலசலவென்று விழும், நிற்கும், மறுபடி விழும். திரும்பிப் பார்க்கிறேன், கவிழ்த்து வைத்திருந்த சட்டி நிமிர்ந்து இருக்கிறது. பக்கத்தில் யாருமில்லை. சத்தம் மட்டும் நிற்கவில்லை.

வேறொருவனாக இருந்தால் சாமி கும்பிட்டிருப்பான். எனக்குத் தோன்றியது, அந்த உபதேசியார் ஏதோ வித்தை காட்டி நம்மை மடக்கப் பார்க்கிறான் என்றுதான். "எவன்டா அவன்?" என்று கத்திக்கொண்டே போய்ச் சட்டியைப் பிடித்தேன். விளிம்புவரை அரிசி. அள்ளிப் போட்டவர் கடைசியில் மேலே ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனமாதிரி ஒரு கை பதிந்திருந்தது, ஐந்து விரலும் தெளிவாக. லகான் பிடித்துப் பிடித்துக் காய்ப்பேறிப் பெருத்த கை என்னுடையது. அதை அந்தத் தடத்தில் வைத்துப் பார்த்தேன். சுற்றிலும் இடம் மிச்சமிருந்தது. அரிசி வெதுவெதுப்பாக இருந்தது.

அப்போதுதான் குனிந்து பார்க்கிறேன், இரண்டு காலையும் ஊன்றி நின்றுகொண்டிருக்கிறேன். கட்டிலிலிருந்து நடந்தே வந்திருக்கிறேன். எலும்பு முன்னமே கூடியிருக்கும், உனக்குத்தான் பயம் என்பீர்கள். சரி, கால் விஷயம் அப்படியே இருக்கட்டும். அரிசி எங்கிருந்து வந்தது? கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன், பேச்சி போட்ட முடிச்சு போட்டபடியே கிடந்தது.

சாயங்காலம் பேச்சி வந்தாள். நான் நிற்பதைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

"அழுகுறத அப்புறம் வச்சுக்க. உண்மையச் சொல்லு, யாரு வந்தா இங்க?"

"யாருங்க வருவா? சட்டியக் கவுத்து வச்சிட்டுல்ல போனேன்!"

சட்டியைக் காட்டினேன். பார்த்தவள் முகம் வெளிறிப்போயிற்று. பிறகு அடுப்பை மூட்டினாள். அரிசி முழுவதையும் முறத்தில் கொட்டினாள், அதிலிருந்தே ஒரு பிடி அள்ளிச் சட்டியில் போட்டாள். எனக்கு வந்ததே ஆத்திரம்!

"சாமி குடுத்ததுலயே சாமிக்கா?"

"அவுக போட்டது நமக்கு. நான் போடுறது அவுகளுக்கு."

ஆத்திரத்தில் சிரித்துவிட்டேன். கால் முறிந்த பிறகு அன்றைக்குத்தான் முதல்முதலாகச் சிரித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் கோயிலுக்குக் கிளம்பினேன், கும்பிட இல்லை, அந்தத் தடத்துக்குப் பொருந்துகிற கை யாருடையது என்று பார்க்க. உபதேசியார் "வாங்கண்ணே, வாங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். வெண்டைக்காய் விரல்கள், பொல்லாத ஒல்லி. தன் வீட்டுச் சோற்றுக்கே திண்டாடுகிற ஆள் என்று பார்த்தாலே தெரிந்தது. சரி, வேறு எவனோ என்று வாராவாரம் போனேன், பாட்டுப் பாடும்போது, ஜெபம் பண்ணும்போது, ஒருத்தர் விடாமல் கையைப் பார்த்தேன். அப்படிப் போன இடத்தில் ஐயர், பாதிரியாரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள், பேசியதும் காதில் விழுந்தது. கீழே விழுந்து கிடக்கிறவனைத் தேடி வருகிற கடவுளைப் பற்றிச் சொன்னார். என்னைப் பற்றித்தான் சொல்கிறார் என்று பட்டது, மறைக்கவில்லை. அதற்குள் ராவுத்தரும், "காலு வந்துருச்சுல்ல, அப்புறமென்ன, வண்டியப் பூட்டு மாப்ள" என்றுவிட்டார். முதல் நாள் லகானைக் கையில் பிடித்தபோது கண்ணீரில் ரோடே தெரியவில்லை.

பிறகு பேச்சியும் நானும் ஞானஸ்நானம் எடுத்தோம். ஐயர் கண்ணை மூடச் சொன்னார், நான் மூடவில்லை. தலைமேல் வந்த அவர் கையைப் பார்த்துக்கொண்டே மண்டியிட்டிருந்தேன். அதுவும் சின்னக் கைதான்.

இப்போது நான் விசுவாசி, எங்கள் வீட்டில் பிடியரிசி போடுவது நான்தான். சந்தேகம் மட்டும் போகவில்லை. கட்டிய கதவுக்குள் வரத் தெரிந்தவர் வேறு எங்கெல்லாம் வருவார்?

இனிச் சொல்வதைப் பேச்சியிடம்கூடச் சொன்னதில்லை. சவாரியை இறக்கிவிட்டு வெறும் வண்டியோடு வீடு திரும்பும்போது, தெற்குவாசல் தாண்டியதும், சில நாள் வண்டி பின்னால் தாழ்கிறது. ஆள் ஏறினால் ஜட்கா எப்படித் தாழும் என்று எனக்குத் தெரியாதா? குதிரை காதை விறைக்கிறது. நான் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் பின்பாரம் கூடினால் முன்பக்கம் தூக்கிக்கொண்டு குதிரைக்குக் கஷ்டம். அதனால் எல்லாச் சவாரியிடமும் சொல்வதுபோலவே, "ஐயா, கொஞ்சம் முன்னால தள்ளி உக்காருங்க" என்கிறேன்.

வண்டி சமமாகிவிடுகிறது.