மாமியார் தொடாத லட்டு

ஜெர்மனியின் பான் நகர ட்ராமில் தினமும் என் எதிரே அமரும் யாழ்ப்பாணக் குடும்பத்துக்காரர் அவர். ஒல்லியான உடம்பு, மடிப்புக் கலையாத சட்டை. அமெரிக்காவை எப்போதும் "என்ர தாய்நாடு" என்பார், சிரிக்காமல். பெற்றோர் நியூஜெர்சியில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது பிறந்தவர். கைக்குழந்தையாக ஜெர்மனிக்கு வந்தபின் அங்கே திரும்பிப் போனதே இல்லை. தாய்நாடு மட்டும் அவரை மறக்கவில்லை. இங்கே வரி கட்டியபிறகும் ஆண்டுதோறும் அங்கேயும் வருமானக் கணக்குக் காட்டச் சொல்கிறது. குடியுரிமையைத் துறக்க மாமியார் விடவில்லை. அவர் பெண் கொடுத்ததே அந்த நீலப் பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான்.

ஒரு காலை லட்டுப் பெட்டியை நீட்டினார்.

"பிள்ளை பிறந்திட்டுதோ?" என்றேன்.

"ஓம் அண்ணை, மகள். அது போன மாசம். லட்டு அதுக்கில்லை."

"பிறகு?"

"தூதரகத்திலை கேட்டனான். நான் அங்க வாழாதபடியால் பிள்ளைக்குக் குடியுரிமை குடுக்க ஏலாதாம். தப்பிட்டாள்."

"மாமி என்ன சொல்லுறா?"

"லட்டைத் தொடேல்லை. அவவின்ர பங்கைத்தான் நீங்கள் சாப்பிடுறியள்."

குடியுரிமை கிடைத்ததற்கு இங்கே பலர் எனக்கு இனிப்புத் தந்திருக்கிறார்கள். கிடைக்காததற்குத் தந்தவர் இவர் ஒருவர்தான்.

சென்ற வாரம் தன்னுடைய நீலப் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துக்கொண்டு வந்தார். ஏன் என்று கேட்டேன். மாமியாருக்காகத்தானாம்.