நாலு கதையும் ஒரு மாப்பிள்ளையும்

சினிமா என்றால் எனக்கு இன்றைக்கும் பருத்திக்கொட்டை வாசம்தான். மதுரைப் பக்கத்து எழுமலையில் என் சிறுவயதில் இருந்த ஒரே சினிமாக் கொட்டகை, அதற்கு முன்னால் பருத்திக் கிட்டங்கியாக இருந்தது என்பதால், திரையில் கதாநாயகி ரோஜாத் தோட்டத்தில் ஓடினாலும் மலையருவியில் நனைந்தாலும் எங்கள் மூக்குக்கு வந்து சேர்ந்ததென்னவோ மாட்டுத் தீவன வாசம். உலகத்துக் காதல் முழுவதையும் அந்த வாசத்தோடுதான் அறிந்துகொண்டேன். பிற்காலத்தில் என் சொந்தக் காதல் முயற்சிகள் எதுவும் தேறாமல் போனதற்கு இதையே காரணமாகச் சொல்லிக்கொள்வதுண்டு, கேட்பவர்கள் ஏற்றுக்கொள்வதில்லை.

போன வாரம், சென்னையில் வேலை பார்க்கும் என் மகள் ஒரு படத்தின் பெயரைச் செல்போனில் அனுப்பி, "பாத்துட்டு எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்கப்பா" என்றாள். ஐந்து காதல் கதைகளைச் சேர்த்துக் கட்டிய படம், ஐந்தும் சென்னையில் நடப்பவை. அவள் பிறந்ததிலிருந்து என்னிடம் எதைப் பற்றியும் கருத்துக் கேட்டதில்லை. என் புத்தகம் வந்தபோது நானாகக் கருத்துக் கேட்டதற்கு, "அட்டை நல்லா இருக்குப்பா" என்று முடித்துக்கொண்டவள். அப்படிப்பட்டவள் கேட்டதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஐந்தில் ஒன்று அவளுடைய கதை. எது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு காதல் படத்தைத் துப்பறியும் படமாகப் பார்க்கிற இந்தக் குணம் என் பெரியப்பாவிடமிருந்து வந்தது.

நான் நாலாவதோ ஐந்தாவதோ படித்துக்கொண்டிருந்தபோது, ராணி அத்தைக்கு, அதாவது என் அப்பாவின் கடைசித் தங்கைக்கு, பேரையூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை மெட்ராஸில் லேத்துப் பட்டறையில் வேலை பார்த்தார். பெண் பார்க்க வந்த அன்று காபித் தம்ளரை வாங்கியவர், "இம்புட்டுச் சூடா இருக்கே, உங்களுக்குக் கை சுடலையா?" என்று அத்தையிடம் கேட்டுவிட்டார். அந்த ஒரு கேள்வியில் அத்தை மனம் சாய்ந்துவிட்டது என்பது பெரியப்பாவைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

எங்கள் பக்கம் பெண் கொடுப்பதற்கு முன் "விசாரிப்பு" என்று ஒன்று உண்டு. ஆண்கள் இரண்டு பேர் வேறு வேலையாக வந்தவர்கள்போல மாப்பிள்ளையின் ஊருக்குப் போய், டீக்கடையில் உட்கார்ந்து, சலூனில் தாடையைக் கொடுத்து, மழை, மாடு, வெங்காய விலை என்று ஒரு சுற்றுச் சுற்றி வந்து, கடைசியில் "ஆமா, இந்த இன்னார் மகன் ஆளு எப்படி?" என்று கேட்பார்கள். அவர்கள் எதற்கு வந்திருக்கிறார்கள் என்பது பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அந்த ஊருக்குத் தெரிந்திருக்கும் என்பது வேறு விஷயம். பேரையூர் விசாரிப்பில் பழுதொன்றும் இல்லை: குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஆனால் மாப்பிள்ளை ஊரை விட்டுப் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. "மெட்ராஸ்ல இருந்த காலத்த யாருகிட்டப் போயி விசாரிக்க?" என்றார் பெரியப்பா. அவர் மதுரையைத் தாண்டிப் போகாதவர். மதுரையையே அரைமனதாகத்தான் நம்பினார்.

அந்த நேரம் பார்த்துக் கொட்டகைக்கு ஒரு படம் வந்தது. "மெட்ராஸ் மாநகரில் நடக்கும் நான்கு காதல் கதைகள், ஒரே டிக்கெட்டில்!" என்று ஒலிபெருக்கிக் குழாய் கட்டிய வண்டி தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு போக, பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். மெட்ராஸே எழுமலைக்கு வந்திருக்கும்போது மெட்ராஸுக்கு எதற்குப் பஸ் ஏற வேண்டும்? மறுநாள் மேட்னிக்குக் குடும்பத்தோடு விசாரிப்புக்குக் கிளம்பினோம்.

முதல் கதையில், மழையில் நனைந்துகொண்டிருந்த ஒரு பெண்ணிடம் ஒருவன் தன் குடையைக் கொடுத்துவிட்டு நனைந்தபடியே போய்விட்டான். கதை முடிந்தது. கொட்டகையே எழுந்து நின்று, "யோவ், ரீல மாத்திப் போட்டுட்டய்யா!" என்று கத்த, ஆபரேட்டர் தலையை நீட்டி, "அம்புட்டுத்தான்யா கதை! அடுத்தத பாருங்க" என்றார். அடுத்ததில், கல்யாணமான ஒருவன் எதிர்மாடிப் பெண்ணைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். மூன்றாவதில் இரண்டு வயசாளிகள் கடற்கரையில் சுண்டல் தின்றார்கள். அவர்கள் ஒருவருக்கொருவர் என்ன முறை என்று கடைசிவரை சொல்லவில்லை. பெரியப்பாவோ குடைக்காரன் திரும்பி வருவான் என்று காத்திருந்தார். ஒரே ஊரில் நடக்கிற நாலு கதை கடைசியில் சொந்தபந்தமாகக் கூடாமல் எப்படிப் போகும், குடைக்காரன் அந்த எதிர்மாடிக்காரிக்கு அண்ணனாகவாவது இருக்க வேண்டாமா என்பது அவர் நியாயம். நாலாவது கதைதான் எங்கள் தலையில் விழுந்தது. அதன் கதாநாயகன் லேத்துப் பட்டறைத் தொழிலாளி. காதலித்த பெண்ணை எழும்பூர் ரயிலடியில் பெட்டியோடு காத்திருக்கச் சொல்லிவிட்டு, வராமலே போய்விட்டான்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், "இந்தச் சம்பந்தம் வேணாம்" என்றார் பெரியப்பா.

"அண்ணே, அது நடிகன்ணே" என்றார் அத்தை.

"நடிகன்தான், நான் இல்லங்கல. எழுதுனவன் யாரையோ பாத்துத்தானத்தா எழுதியிருப்பான்?"

அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசியறியாத அத்தை நடுத்தெருவில் நின்றுவிட்டார். "அப்ப கொடை குடுத்தவனையும் யாரையோ பாத்துத்தான எழுதியிருப்பான்? அவனும் அந்த ஊர்லதானண்ணே இருக்கான்?"

பெரியம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். பிற்காலத்தில் நான் எத்தனையோ விமர்சகர்களைப் படித்திருக்கிறேன். ஒரு படத்தை வைத்து இதைவிடக் கூர்மையாக யாரும் வாதாடிப் பார்த்ததில்லை. பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தார். மறுநாள் தனியாகப் போய் முதல் கதையை மட்டும் இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்தார். அப்புறம் யாரிடமும் சொல்லாமல் மெட்ராஸுக்குப் பஸ் ஏறினார்.

அவர் திரும்பிய அன்று வீடே அவரைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. பட்டறைக்குப் பக்கத்து டீக்கடைக்காரருக்கு மாப்பிள்ளையின் பெயர் தெரியவில்லையாம். அடுத்த அறையில் குடியிருப்பவருக்கு அவர் எந்த ஊர் என்றே தெரியவில்லையாம். "படத்துல காட்டுனது நெசந்தான். அங்க ஒருத்தனுக்கும் ஒருத்தனத் தெரியாது" என்றார். அத்தை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். பெரியப்பா செம்புத் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுத் தொடர்ந்தார்: "சொல்லாமக் கொள்ளாமப் போயி வாசல்ல நின்னேன். அந்தப் பய ஸ்டவ்வப் பத்தவச்சு, சோறாக்கிப் போட்டான். கொழஞ்சு கூழாப் போச்சு. வாயில வைக்க முடியல."

காத்திருந்தோம்.

"களவாணிப் பயலா இருந்தா ஓட்டல்ல வாங்கிக் குடுத்து ஏமாத்தியிருப்பான். நாள் பாருங்க."

அத்தையும் மாமாவும் சில வருஷம் மெட்ராஸில் இருந்துவிட்டு, பேரையூரிலேயே சொந்தமாகப் பட்டறை போட்டு, இன்றும் சௌக்கியமாக இருக்கிறார்கள்.

மகள் சொன்ன படத்துக்கு வருகிறேன். வீட்டு டிவியில் போட்டு, மனைவியும் நானும் பார்த்தோம். ஐந்து கதையிலும் எல்லோர் வீட்டிலும் மஞ்சள் விளக்கு எரிகிறது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் கடலைப் பார்த்த மாடியில் குடியிருக்கிறாள். வாடகையை யார் கொடுக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. காதலைச் சொல்ல வேண்டிய இடத்தில் ஆட்கள் ஜன்னலைப் பார்த்துக்கொள்ள, கிடார் சொல்லிவிடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவருக்கும் வியர்க்கவில்லை. வியர்க்காத மனிதர்களைச் சென்னையில் உலவவிடுகிறவர் மற்ற விஷயங்களில் மட்டும் எப்படி உண்மை பேசுவார்? இருந்தாலும் ஒவ்வொரு கதையிலும் வந்த பையனை நிறுத்தி நிறுத்தி உற்றுப் பார்த்தேன். மூன்றாவது கதையில், தென்மாவட்டத்துப் பெண் ஒருத்தி வீட்டில் சொல்லவும் முடியாமல் சொல்லாமலிருக்கவும் முடியாமல் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அங்கேயும் நிறுத்தினேன். "நிறுத்தாதீங்க, ஓடட்டும்" என்றாள் என் மனைவி. அவள் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகளை அழைத்து, முதல் கதை பரவாயில்லை, இரண்டாவது இழுவை, நாலிலும் ஐந்திலும் ஒளிப்பதிவு நன்று என்று விமர்சகர் தோரணையில் அடுக்கினேன். "மூணாவது?" என்றாள். அதற்குள் மனைவி போனைப் பிடுங்கி, "பையன் எந்த ஊருடி?" என்றாள். எங்கள் பக்கம் அந்தக் கேள்விக்குள் வேறு பல கேள்விகள் ஒளிந்திருக்கும். அவற்றையும் கேட்டுவிடுவாளோ என்று பயந்தேன். கேட்கவில்லை. அந்தப் பக்கமிருந்து, "மேலூர்மா" என்று வந்தது. இவ்வளவு பெரிய சென்னையில் தேடி, மதுரையில் இருக்கும் எங்களுக்கு ஒரு மணி நேரப் பஸ் தூரத்துக்காரனைப் பிடித்திருக்கிறாள்!

மறுநாளே மேலூரில் இருந்தேன். மகள் சொன்ன, பையன் வீட்டுத் தெருமுனை டீக்கடையில், வேறு வேலையாக வந்தவனைப்போல உட்கார்ந்து, மழையைப் பற்றி ஆரம்பித்தேன்.

"மாப்ள விசாரிக்க வந்தீகளாண்ணே?" என்றார் டீ மாஸ்டர். பையன் பெயரைச் சொன்னேன். "அவனா? டவுசரோட ஓடித் திரிஞ்சப்பப் பாத்தது. படிப்பு, வேலைன்னு போனவன், பொங்கலுக்கு வந்தா உண்டு. இப்ப ஆளு எப்படின்னு மெட்ராஸ்ல இருக்கவுகளத்தாண்ணே கேக்கணும்."

எழுமலைக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் நிற்கிறது. பெரியப்பா இல்லை. தெருவில் வளர்ந்த பையனைப் பற்றித் தெரிந்து வைத்திருந்த தெருவும் இல்லை. சென்னையில் இருப்பவர்களில், பொய் சொன்னால் குரலை வைத்தே நான் கண்டுபிடித்துவிடக்கூடிய ஆள் ஒருத்திதான். மேலூர் பஸ் நிலையத்தில் நின்றபடி அவளை அழைத்தேன்.

"அந்தப் பையன் ஆளு எப்படித்தா?"

"நல்லவன்ப்பா" என்றாள்.

விசாரிப்பை அதோடு முடித்துக்கொண்டு மதுரை பஸ்ஸில் ஏறினேன்.