புதிதாகிவிட்ட துப்பாக்கி

பழைய ராணுவத் துப்பாக்கிகளைச் சேர்த்துவைக்கும் ஜமீன்தார் ஒருவருக்காக அயனம்பாக்கம் வந்திருக்கிறேன். ஏரிக்கரையில் காத்திருந்த விவசாயி முனுசாமி என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போகிறார். கம்பெனிப் பட்டாளத்தில் இருந்த அவருடைய முப்பாட்டனுக்குப் பரிசாகக் கிடைத்த துப்பாக்கி அவரிடம் இருக்கிறது. அதை விற்றுக் கிணறு வெட்டப்போவதாக வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வருகிறார்.

கோணியைப் பிரித்ததும் எனக்குச் சப்பென்று ஆகிவிடுகிறது. பிடிக்கட்டை புது மரம். குழல் கறுப்பாக மின்னுகிறது. கம்பெனி முத்திரை இருந்த இடத்தை வழவழவென்று தேய்த்திருக்கிறார்கள்.

“உலகச் சண்டை காலத்துல காவல்படை பழகறதுக்குன்னு வாங்கிகினு போனாங்க ஐயா. பட்டாளத்துப் பட்டறையில புச்சாவே ஆக்கித் திருப்பிக் குத்துட்டாங்க,” என்கிறார் பெருமையாக.

“பழசா இருந்ததுக்குத்தாங்க மதிப்பு. இனிமே இத ஜமீன்தார் தொடக்கூட மாட்டார்.”

முனுசாமி துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

“அப்ப இது மறுபடி பழசாவ எவ்ளோ நாளாவும்?”

“நூறு வருஷமாவது ஆகும்.”

அவர் சிரிக்கவில்லை. கோணியை நிதானமாகச் சுற்றிக் கட்டுகிறார்.

“பேரன்கிட்ட சொல்லி வெக்கிறேன். அப்ப வாங்க.”