தேதி முடிந்த விண்கப்பல்

சுங்குவார்சத்திரத்தில் நான் தங்கியிருந்த லாட்ஜின் மாடியில் ஞாயிறு மதியங்களில் விண்கப்பல் சண்டை நடக்கும். மேசைமேல் பகடை உருட்டும் விளையாட்டுதான். அவரவர் கப்பலை அவரவரே காகிதத்தில் வடிவமைக்க வேண்டும். எத்தனை பீரங்கி வேண்டுமானாலும் வைக்கலாம். ஆனால் குறிபார்க்கும் கருவி ஒன்றாவது இல்லாவிட்டால் ஒரு குண்டுகூடச் சுட முடியாது.

அன்று என் எதிரே உட்கார்ந்தவர், ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் அளவுக்கருவிகளைச் சோதித்து, எந்தத் தேதி வரை நம்பலாம் என்று ஸ்டிக்கர் ஒட்டுகிறவர். ஒல்லியான ஆள். விடுமுறையிலும் கழுத்தில் ஐடி கார்டு. டீ கிளாஸைக்கூடத் தூக்கி, அடியில் தேதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குடித்தார். தன் கப்பலின் குறிபார்க்கும் கருவிக்கும் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்.

போன ஞாயிறு பாதியில் நிறுத்திய ஆட்டம்; அவர் கப்பலைப் போலவே என் கப்பலும் நொறுங்கிக் கிடந்தது. இன்னும் ஒரு தடவை அவர் சுட்டால் ஆட்டம் முடிந்தது. பகடையை எடுத்தவர் ஸ்டிக்கரைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"சார், இது நேத்தோட முடிஞ்சிபோச்சு. சுடக் கூடாது."

"விளையாட்டுதானே சார், சும்மா அடிங்க."

"இன்னா சார் இப்டி சொல்றீங்க? குறி தப்பி யார் மேலயாவது பட்டா?" பகடையை என்னிடம் நீட்டினார். "உங்களுது எப்ப முடியுது?"

"அடுத்த மாசம்," என்றேன்.

"அப்ப நீங்க அடிங்க."

அடித்தேன். அவர் கப்பல் சிதறியது. எழுந்து கைகொடுத்து, "கரெக்டா பட்டுச்சி சார்," என்று மனதாரப் பாராட்டினார்.

டீ கிளாஸையே நம்பாத மனிதர், என் காகிதத்தை மட்டும் ஏன் எட்டிப் பார்க்கவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை. அதில் ஸ்டிக்கரே கிடையாது.