பெரிய கிராணி கணினியில் வைத்திருந்த பாட்டு

மாதக் கடைசி. விளைச்சல் அறிக்கையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். வெளிவேலையைக் கண்காணிக்கும் மண்டோர் சுப்பையா வந்து ஆபீஸ் வாசலிலேயே நின்றார்.

"பெரிய கிராணி காலையில போய்ட்டாராம்மா. சிரம்பான் ஆஸ்பத்திரியில. மக போன் பண்ணுச்சு."

"சரி" என்றேன். அறிக்கையை முடித்து அனுப்பிவிட்டுத்தான் எழுந்தேன். கல்நெஞ்சக்காரி என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளலாம். தோட்ட ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்த அவருக்குக் கீழே பதினாறு வருடம் வேலை பார்த்தவள் நான். அறிக்கையைப் பாதியில் போட்டுவிட்டு வந்தேன் என்றால் அவருக்கே பிடித்திருக்காது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லிக் கோயில் கமிட்டியார் கேட்டார்கள். "நல்லதா நாலு வார்த்தை போதும்லா" என்றார்கள். அவரைப் பற்றி நல்லதாக எழுதுவது சுலபம். ஆனால் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லாமல் என்னால் அவரைப் பற்றி எழுத முடியாது. அதனால் இது ஒரு பக்கத்துக்குள் அடங்கவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய கிராணி வீரையா அவர்கள் எழுபதுகளின் தொடக்கத்தில், பகாவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் எங்கள் ரப்பர் தோட்டத்துக்குச் சின்ன கிராணியாக வந்தார். விடிவதற்கு முன் பெரட்டுக் களத்தில் ஆள் பெயரைக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவது அவர் பொறுப்பு. யாரையும் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். பதில் வராவிட்டால் மூன்று தடவை கூப்பிடுவார். "அதான் வரலையே கிராணி, அப்புறம் என்னாத்துக்கு?" என்று மண்டோர்கள் அலுத்துக்கொள்வார்கள். "மூணாவதுல வந்துட்டா? பாவம், ஒருநாள் வேலை போயிடுமில்ல" என்பார்.

அந்தக் களத்தில் அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களில் ஒருத்திதான் லெட்சுமி அண்ணி. எழுபத்திரண்டில் நட்ட ரப்பர் காட்டில் பால்மரம் வெட்டியவர். கிராணி போய் வெட்டுக்காரியைக் கட்டுவதா என்று தொழிலாளர் குடியிருந்த லயத்தில் கொஞ்ச நாள் வாய்க்கு வாய் பேசினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. மகள் மல்லிகாவுக்கு இரண்டு வயது நடக்கும்போது அண்ணி காய்ச்சலில் போய்விட்டார். அவர் வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் பார்க்கட்டுமா என்று கேட்டவர்களிடம், "வேலை இருக்கு" என்று மட்டும் சொல்வார்.

அண்ணி மல்லிகாவைத் தூங்க வைக்கப் பாடிய தாலாட்டு ஒன்றை அவர் கேசட்டில் பதிந்து வைத்திருந்தார். நாள் ஆக ஆக நாடா தேய்ந்தது. அறுந்துவிடுமோ என்ற பயத்தில் போட்டுக் கேட்பதையே விட்டுவிட்டார். அலமாரியில் வேட்டிக்கு அடியில் அது பூட்டிக் கிடந்தது. மகள் வளர்ந்து சிரம்பானில் தொழிற்சாலை வேலைக்கும் போய்விட்டாள். அம்மாவின் குரல் அவளுக்கு ஞாபகமே இல்லை.

தொண்ணூறுகளில் ஆபீசுக்குக் கணினி வந்தது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. படமும் கிடையாது, அம்புக்குறியும் கிடையாது. கட்டளையைத் தட்டெழுத்தில் அடித்தால்தான் எதுவும் நடக்கும். எனக்கு அதைக் கண்டாலே தலைவலி. அவருக்குப் பிடித்துவிட்டது. "பெரட்டு மாதிரிதாம்மா. பேரச் சொன்னா வந்து நிக்கணும்" என்றார்.

இந்த மாதிரிக் கறுப்புத் திரையிலேயே பாட்டு கேட்க ஒரு நிரல் இருக்கிறது என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். சொந்தப் பணத்தில் ஒலி அட்டை வாங்கிவந்தார். டீ நேரத்தில் மட்டும் என்று மேனேஜர் அனுமதி கொடுத்தார். கேசட்டை எடுத்துக்கொண்டு சிரம்பானில் ஒரு கணினிக் கடைக்குப் போனார். ஒரு தடவை ஓடிப் பதிவானதோடு நாடா சிக்கி அறுந்தது. பாட்டை மூன்று டிஸ்கெட்டில் பிரித்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

நிரலைப் பதிப்பதற்குள் மூன்று சனிக்கிழமை போயிற்று. ஒலி அட்டைக்கு ஓர் எண் உண்டாம். அதைச் சரியாகச் சொல்லாவிட்டால் நிரல் வாய் திறக்காது. இவர் ஓர் எண்ணை அடிப்பார், காதைப் பெட்டியோரம் வைப்பார், உதட்டைப் பிதுக்குவார், அடுத்ததை அடிப்பார். "விடுங்கண்ணே, ரேடியோல இல்லாத பாட்டா?" என்று நான் கேலி செய்தேன். என்ன பாட்டு என்று எனக்கு அப்போது தெரியாது. மூன்றாவது சனிக்கிழமை அண்ணியின் குரல் வந்தது. அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அதற்குப் பிறகு தினமும் பத்து மணி டீக்கு அந்த நான்கு நிமிடம். பாட்டு ஓடும்போது கணினியில் வேறு வேலை எதுவும் செய்ய முடியாது. "இனிமே தேயாதும்மா" என்பார். மூன்று டிஸ்கெட்டும் ஆபீஸ் சொத்து என்று, பாட்டைக் கணினிக்கு ஏற்றியதும் அவற்றில் இருந்ததை அழித்துத் திருப்பி வைத்துவிட்டார். அப்படி ஒரு நேர்மை. மல்லிகாவை வந்து கேட்கச் சொல்லி ஒவ்வொரு வாரமும் போன் செய்தார். அவளுக்கு ஷிப்ட், ஓவர்டைம். தீபாவளிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள்.

தீபாவளிக்கு முந்தைய மாதக் கடைசி அன்று அவர் தோட்டத்துக்குள் காட்டுப் பக்கம் போயிருந்தார். நான் அறிக்கையைச் சேமிக்கப் பார்த்தால் கணினியில் இடமில்லை. தலைமை ஆபீசுக்குப் போன் போட்டேன். பழைய கோப்புகளை அழியுங்கள் என்றார்கள். பெரியது முதலில் வருகிற மாதிரிப் பட்டியல் போட்டேன். உச்சியில் ஆர் 72 என்று ஒன்று நின்றது.

எங்கள் தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் காட்டு எண்தான் பெயர். ரப்பர் என்றால் ஆர், பக்கத்தில் நட்ட வருடம். சாவி, கோப்பு, ஸ்டோர் அலமாரி, எல்லாம் அப்படித்தான். ஆர் 72 காட்டை வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்டு நாலு வருடம் ஆகியிருந்தது. இல்லாத காட்டுக்கு இவ்வளவு பெரிய கோப்பு எதற்கு என்று அழித்தேன். அறிக்கையை அந்த இடத்தில் சேமித்தேன். வேலை முடிந்ததென்று ஒரு தேநீர்கூடப் போட்டுக் குடித்தேன்.

மறுநாள் பத்து மணிக்கு அவர் உட்கார்ந்து பெயரை அடித்தார். அப்படி ஒரு கோப்பு இல்லை என்று திரை சொன்னது. மறுபடி அடித்தார். மூன்றாவது தடவையும் அடித்தார். அப்போதுதான் அவர் தட்டிய பெயரை நான் திரையில் பார்த்தேன். ஆர் 72, அண்ணி பால்மரம் வெட்டிய காடு.

அவர் திரும்பி, "ரிப்போர்ட் போயிடுச்சாம்மா?" என்று கேட்டார்.

"போயிடுச்சுண்ணே."

"சரி" என்று சொல்லி எழுந்து போனார்.

அந்தக் கணினியைத் தொடுகிறவர்கள் நாங்கள் இரண்டே பேர். அவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. அதன்பின் ஒரு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தோம். அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே நாள் போக, அவர் ஓய்வு பெற்று மகளிடம் போய்விட்டார். சொல்லாமல் இருப்பது இவ்வளவு களைப்பான வேலை என்று நான் நினைத்ததில்லை.

சிரம்பான் பக்கம் பாரோயில் மகள் வீட்டில்தான் இறுதிச் சடங்கு நடந்தது. எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தபின் மல்லிகா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, தீபாவளிக்கு வந்தப்ப மெஷின் ரிப்பேர்ன்னாரு அப்பா. ஆஸ்பத்திரியில கேட்டேன், அம்மா பாட்டு ஆபீஸ்ல பத்திரமா இருக்குன்னாரு. எனக்கு எடுத்துக் குடுக்கிறீங்களா?"

மகளிடம்கூட அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது.

"இல்லம்மா. நான்தான் தெரியாம அழிச்சிட்டேன். அப்பாவுக்குத் தெரியும்."

திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் திட்டவில்லை.

"நீங்க கேட்டிருக்கீங்கல்ல? எப்படி இருக்கும், அம்மா குரல்?"

எனக்குப் பாட வராது. தெரிந்ததைச் சொன்னேன். கொஞ்சம் கனத்த குரல், மேலே போகும்போது மூச்சு வாங்கும், நடுவில் நீ சிணுங்குவாய் என்றேன். கடைசி வரியைப் பாடாமல் அம்மா அப்பாவைத் திட்டுவார்கள் என்றேன். "போதும், அத அமுக்குங்க. புள்ள முழிச்சா நீங்களா தூக்கி வச்சிருப்பீங்க?"

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். "இன்னொரு தடவ சொல்லுங்கக்கா" என்றாள். சொன்னேன். பிறகு இன்னொரு தடவை.

அண்ணே, நான் சொல்லிவிட்டேன். உங்கள் மகளிடமும் சொல்லிவிட்டேன், இங்கே ஊரறியவும் எழுதிவிட்டேன். இனி எனக்காக நீங்கள் எதையும் மறைக்க வேண்டாம். மன்னித்துக்கொண்டு போய் வாருங்கள்.