இலைச் சட்டையும் வறுத்த கறித்தூளும்

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் ஜெர்மனியில் ஹம் நகரத்தில் இருந்தோம். எனக்குக் கம்பித் தொழிற்சாலையில் வேலை, மனைவிக்கு முதியோர் இல்லத்தில். அந்த இலையுதிர் காலத்தில்தான் மனைவியின் தம்பி எங்களிடம் வந்து சேர்ந்தான். அகதிகள் விடுதியில் அவனுக்கு ஒரு கட்டில் ஒதுக்கியிருந்தார்கள். கட்டில் அங்கே இருந்தது, அவன் எங்கள் சோபாவில் இருந்தான். மன்னாரிலிருந்து அந்தச் சோபா வரைக்கும் எப்படி வந்தான் என்று அவன் சொல்லவில்லை. புறப்படுவதற்கு முன் சில காலம் ஆமி முகாமில் வைத்திருந்தார்கள் என்று மாமி தொலைபேசியில் சொன்னதுதான் எங்களுக்குத் தெரிந்த முழுக்கதை. அதைப் பற்றி அவனும் வாய் திறக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பிரச்சினை, அவன் சாப்பிடவும் வாய் திறக்கவில்லை என்பதுதான். இரண்டு வாய் தின்பான், "காணும் அக்கா" என்பான், தட்டைத் தள்ளுவான். என் மனைவி சமைக்காத சமையல் இல்லை. மீன் குழம்பு வைத்தாள், இடியப்பம் அவித்தாள், கோழியை மூன்று விதமாகக் கொன்றாள். எல்லாவற்றுக்கும் அதே இரண்டு வாய்தான். சட்டைக்குள் எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. அவனுடைய மிச்சத்தையும் தின்று நான் தொப்பை வைத்தேன். மனைவி குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைத்தாள் போலும்.

ஒருநாள் அவளே நினைவு வந்தவளாகச் சொன்னாள்: "ஊரில காட்டுப்பண்டி எண்டால் சட்டியை வழிச்சுத் தின்னுவான். இஞ்ச அது எங்க எடுக்கிறது?"

எங்கே எடுப்பது என்று எனக்குத் தெரியும். எங்கள் செவ் ஒரு வேட்டைக்காரர். இங்கே மேலதிகாரியை நாங்கள் செவ் என்றுதான் சொல்வோம். பக்கத்துக் கிராமத்தில் சொந்த வீடு, சொந்த நாய், குத்தகைக்கு எடுத்த காடு என்று வாழ்கிற மனிதர். தேநீர் இடைவேளைகளில் அவர் சுடாத பன்றியே அந்த மாவட்டத்தில் இல்லை. இறைச்சியைத்தான் யாரும் கண்ணால் கண்டதில்லை.

நான் போய்க் கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. சனிக்கிழமை தன்னோடு காட்டுக்கு வரட்டாம். பன்றி விழுந்தால் ஒரு தொடை எனக்காம். அவருக்கு என்னைவிட ஒரு பார்வையாளன்தான் தேவைப்பட்டிருக்கிறான் என்பது பிறகுதான் விளங்கிற்று. அந்த வருடம் அவர் அமெரிக்காவிலிருந்து ஒரு விசேஷ உடுப்பு வரவழைத்திருந்தார். மரப்பட்டையும் இலையும் புகைப்படம் எடுத்ததுபோல் அச்சடித்த காற்சட்டை, மேற்சட்டை, தொப்பி. போட்டுக்கொண்டு காட்டில் உட்கார்ந்தால் மிருகங்களுக்கு மனிதன் தெரியமாட்டானாம். பச்சைக் கம்பளிக் கோட்டும் இறகு குத்திய தொப்பியுமாகத் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய அவருடைய கூட்டாளிகள், எந்த யுத்தத்துக்குப் புறப்படுகிறாய் என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். அவர்களுக்கு நிரூபித்துக் காட்டச் சாட்சி வேண்டுமல்லவா? ஒன்று வாங்கினால் இரண்டாவது மலிவு என்று இரண்டு சோடி வேறு வாங்கி வைத்திருந்தார்.

படத்தை அவர் காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் இந்த மாதிரி உடுப்புப் போட்டவர்கள் ஒளிந்து வந்ததே இல்லை. ஆமி றக்கில் வருவார்கள், பட்டப்பகலில் வருவார்கள். ஒளிவது ஊர்தான். இதை ஜெர்மன் மொழியில் விளக்க எனக்கு ஏலாது, ஆகவே "நல்ல உடுப்பு செவ்" என்றேன்.

சனிக்கிழமை காலையிலேயே என் மனைவி பன்றியைச் சமைக்கத் தொடங்கிவிட்டாள். பன்றி அந்நேரம் காட்டில் உயிரோடுதான் இருந்தது. அதற்கென்ன, பன்றிப் பிரட்டலுக்குக் கடைத்தூள் சரிவராது என்று கொத்தமல்லி, மிளகு, பெருஞ்சீரகம், செத்தல் மிளகாய் எல்லாவற்றையும் கருக வறுத்தாள். கீழ்வீட்டுக் கிழவி வாசம் வருகிறது என்று மாதம் ஒருமுறை வீட்டுக்காரருக்கு முறைப்பாடு கொடுப்பவள். ஆகவே தூள் வறுக்கும் நாளில் யன்னல் எல்லாம் பூட்டி, வாசல் கதவின் கீழ் ஈரத்துவாய் சொருகுவது எங்கள் வழக்கம். புகை வெளியே போகாது. எங்கே போகும்? குசினிச் சூடாக்கியின் மேல் காய்ந்துகொண்டிருந்த என் கம்பளிச் சுவெற்றருக்குள் போயிற்று. அதைத்தான் நான் போட்டுக்கொண்டு போனேன். மூக்கு பழகிவிட்டபடியால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

செவ்வின் வீட்டில் சுவெற்றரோடு நின்று, என் ஜக்கெற்றையும் காற்சட்டையையும் கழற்றி நடையில் கொளுவிவிட்டு, இலை உடுப்பைப் போட்டுக்கொண்டேன். அவருடையதை அவர் வாசமில்லாத சவர்க்காரத்தில் தோய்த்து, ஊசியிலை போட்ட பைக்குள் கட்டி வைத்திருந்தார். முகத்தில் பச்சையும் கறுப்புமாக ஒரு களிம்பு வேறு பூசினார். எனக்கும் பூச வந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு டப்பாவை மூடினார்.

"உனக்குத் தேவையில்லை. சிரிக்காமல் இருந்தால் போதும்."

ஒரு கறுத்த மனிதனின் நிறத்தை ஜெர்மனியில் ஒருவர் பார்த்துப் பொறாமைப்பட்டது நானறிய அந்த ஒரு தடவைதான். கோபிப்பதா பெருமைப்படுவதா என்று தெரியாமல் அவர் பின்னால் நடந்தேன்.

காட்டின் ஓரத்தில் ஏணி வைத்த மரப்பரண் ஒன்றில் ஏறி உட்கார்ந்தோம். அசையக்கூடாது, இருமக்கூடாது. குளிர் பின்பக்கத்தால் ஏறி முதுகுவரை வந்தது. உடுப்பில் இருந்தது அமெரிக்கக் கருவாலி இலை, எங்களைச் சுற்றி நின்றவை ஊசியிலை மரங்கள். அதுபற்றி நான் கருத்துச் சொல்லவில்லை.

முதலில் ஒரு பறவை எங்களைக் கண்டுவிட்டுக் காடு முழுக்கக் கேட்கும்படி கத்திற்று. பறவையைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை என்று செவ் கிசுகிசுத்தார். பிறகு காளான் பொறுக்கும் ஒரு பாட்டி நாயோடு வந்தாள். நேரே எங்கள் பரணுக்குக் கீழே நின்று, அண்ணாந்து, "மாலை வணக்கம். இன்றைக்கு ஏதாவது வருமா?" என்று கேட்டாள். நாய் வாலை ஆட்டியது. செவ் வாய் திறக்கவில்லை. அசையாமல் இருந்தால் இன்னும் மறைந்திருக்கலாம் என்று நம்பினார் போலும். மரியாதையில்லாமல் இருக்கக்கூடாதே என்று நான்தான் வணக்கம் சொன்னேன்.

உடுப்பைக் குறை மட்டும் சொன்னால் அநியாயம். பாட்டி போனபின் ஒரு சின்ன மான் வெளியே வந்தது. மேய்ந்தது. தலையை நிமிர்த்தி எங்களையே பார்த்தது, நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தேன். அதன் கண்ணில் நான் இல்லை. திரும்பக் குனிந்து மேய்ந்தது. அப்படிப் பார்த்தும் பாராமல் போவதை நான் நகரசபை அலுவலகத்தில் நிறைய அனுபவித்திருக்கிறேன், ஆனால் அங்கே எனக்கு இந்தச் சந்தோஷம் வந்ததில்லை. செவ் என் தொடையைப் பிடித்து நசுக்கினார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

இருட்ட முன்பு பன்றிகள் வந்தன. தாயும் குட்டிகளும், பின்னால் இளம் பன்றி ஒன்று. செவ் துவக்கை மெதுவாக எடுத்தார். எனக்கு வாயூறியது. மைத்துனன் சட்டி வழிப்பதைக் கண்ணால் கண்டுவிட்டேன். அந்த நேரம் பார்த்து முகத்தில் பட்டுக்கொண்டிருந்த காற்று முதுகுப்பக்கம் மாறிற்று. தாய்ப்பன்றி மூக்கை உயர்த்தியது. ஒருதரம் உறிஞ்சியது. மான் காணாத மனிதனை அது மூக்காலேயே கண்டுபிடித்துவிட்டது. ஒரு உறுமல், அவ்வளவுதான், காடு வெறுமையாயிற்று.

செவ் துவக்கை இறக்கினார். தன் கையை மணந்து பார்த்தார், தொப்பியை மணந்து பார்த்தார். பிறகு மெல்ல என் பக்கம் சாய்ந்து, என் கழுத்துப் பட்டிக்குள் மூக்கை விட்டார்.

"என்ன இது?"

"கறித்தூள் செவ். பன்றிக்கு."

பன்றியை எந்தத் தூளில் பிரட்டப் போகிறோம் என்று பன்றிக்கே முன்கூட்டி அறிவித்த முதல் வேட்டைக்காரன் நான்தான் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவர் தொப்பியை மணந்துகொண்டே நடந்தார். எனக்கோ அழுகை வந்தது. வெறும் கையோடு போய் மனைவியின் முகத்தில் எப்படி முழிப்பது? ஆனால் என் முகத்தைப் பார்த்து செவ்வின் மனம் இளகியிருக்க வேண்டும். நிலவறைக்குப் போய், உறைந்த தொடை ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். மிருக வைத்தியர் பார்த்துத் தின்னலாம் என்று சொன்ன இறைச்சிதானாம். எப்போது சுட்டீர்கள் என்று கேட்டேன். அவர் பேச்சை மாற்றினார். அவருடைய மனைவிதான் சிரித்துக்கொண்டே சொன்னாள்: இந்த வருடம் இவருக்குக் கிடைத்த ஒரே பன்றி, தெருவில் இவருடைய காரில் வந்து மோதிய பன்றியாம். கார் முற்றத்தில் நின்றது. தக்காளிச் சிவப்பு.

அந்த நல்ல மனுசி இன்னொரு உபகாரமும் செய்திருந்தாள். நடையில் கொளுவியிருந்த என் ஜக்கெற்றும் காற்சட்டையும் பாவம் மணக்கிறதே என்று எடுத்துச் சலவை இயந்திரத்தில் போட்டுவிட்டாள். திங்கட்கிழமை தொழிற்சாலையில் தருவதாகச் சொன்னார்கள். ஆகவே நான் இலை உடுப்போடும் பன்றித் தொடையோடும் ரயில் ஏறினேன். பெட்டி நிறைய ஆட்கள் இருந்தார்கள். ரிக்கற் பரிசோதகர் வழக்கம்போல முதலில் என்னிடம்தான் வந்தார்.

வீட்டில் மனைவி இல்லை, மாலை வேலைக்குப் போயிருந்தாள். கதவுத் திறப்பு என் ஜக்கெற்றோடு சேர்ந்து தோய்ந்துகொண்டிருந்தது. மணியடித்தேன். மைத்துனன் கதவைத் திறந்தான்.

நான் பையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தேன். அவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. கத்தவில்லை, ஓடவில்லை. சட்டைப்பையிலிருந்து தன் அகதி அட்டையை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினான். அப்படியே ஒதுங்கிச் சுவரோடு நின்று, நான் உள்ளே போய்த் தேட வழி விட்டான்.

"மாத்தயா," என்றான், ஆமிக்காரரை ஐயா என்று கூப்பிடுவதுபோல. அதன் பிறகு சிங்களத்தில் ஏதோ சொன்னான். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை என்பது மட்டும் எனக்கு விளங்கிற்று.

"தம்பி, நானடா, அத்தான்," என்றேன். கேட்கவில்லை. பக்கத்தில் போனால் இன்னும் ஒடுங்குவான் என்று பட்டது. படிக்கட்டிலேயே நின்றபடி தொப்பியை எறிந்தேன், மேற்சட்டையைக் கழற்றினேன், சப்பாத்தை உதறிக் காற்சட்டையையும் உருவிப் போட்டேன். கீழ்வீட்டுக் கதவு திறந்தது. கிழவி எட்டிப் பார்த்தாள். சுவெற்றரும் அரைக்காற்சட்டையும் குளிரில் விறைத்த இரண்டு கால்களும், பக்கத்தில் இரத்தம் கசியும் ஒரு பையும். அவள் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டாள். இந்த விடயம் எந்த முறைப்பாட்டிலும் பின்னர் வரவில்லை.

மேற்சட்டை போனதும் சுவெற்றரின் மணம் படிக்கட்டெல்லாம் பரவிற்று. வறுத்த மல்லியும் மிளகாயும். எனக்கே அப்போதுதான் மணத்தது. அவனுடைய மூக்கு அசைந்ததைக் கண்டேன். ஒருதரம் உறிஞ்சினான். பிறகுதான் என் முகத்துக்கு வந்தான்.

"அத்தான்," என்றான்.

அட்டையைப் பைக்குள் வைத்தான். இரண்டு தரம் தவறிற்று. உள்ளே போய்த் தன்னுடைய சாரத்தைக் கொண்டு வந்து தந்தான். "முதல்ல இதைக் கட்டுங்கோ. அந்த மனுசி திரும்பியும் எட்டிப் பாக்கும்."

அவன் எங்கள் வீட்டுக்கு வந்து பேசிய மிக நீண்ட பேச்சு அதுதான்.

இலை உடுப்பைக் குப்பைப் பை ஒன்றில் கட்டி நிலவறையில் வைத்தேன், திங்கள் வரை அது மேலே வரவில்லை. தொடையைச் சுடுதண்ணீரில் இளக்கி அவனே வெட்டினான், என்னை விடவில்லை. மனைவி வேலையால் வந்து காலணியைக்கூடக் கழற்றாமல் அடுப்பில் ஏற்றினாள். வாசலில் நடந்ததை நாங்கள் இருவரும் அவளிடம் சொல்லவில்லை. வேட்டைக் கதையை மட்டும் சொன்னேன், பாட்டி, மான், கறித்தூள், சிவப்புக் கார் வரைக்கும். அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை, கேட்டுக்கொண்டு தின்றான். மூன்றாவது வாயை நானும் மனைவியும் கண்டோம், காணாதவர்கள் மாதிரி இருந்தோம்.

"அப்ப அந்த உடுப்புப் போட்டால் ஆளைத் தெரியாதோ அத்தான்?"

"கண்ணுக்குத் தெரியாது. மணம்தான் காட்டிக் குடுக்கும்."

அவன் எலும்பை உறிஞ்சித் தட்டில் வைத்தான்.

"ஓம்," என்றான். "எனக்கும் மணத்திலதான் உங்களைத் தெரிஞ்சது."

மனைவி விளங்காமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவன் தட்டை அவள் பக்கம் நீட்டினான்.

"இன்னும் கொஞ்சம் போடுங்கோ அக்கா."